ப்ராஜெக்ட் கடை: பைண்டிங் பிரமாதம், எழுதிக் கொடுப்பது வேண்டாம்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்கூல் இருக்கிற தெருவில் எல்லாம் இப்படி ஒரு கடையைப் பார்க்கலாம். வாசலில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், மேலே கயிற்றில் தொங்கும் தெர்மாகோல் எரிமலை. எங்கள் தெருக் கடையைத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஸ்பைரல் பைண்டிங் அழகாக வரும், ஓட்டை பிசகாது, கலர் பிரிண்டில் மை தடவினால் ஒட்டாது. கடைக்கார அண்ணன் பொறுமைசாலி. ராத்திரி கடை மூடுகிற நேரத்துக்குப் போய் நாளைக்கு எக்ஸிபிஷன் என்று நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். சார்ட், ஸ்கெட்ச், மோட்டார், பல்பு ஹோல்டர் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

சிக்கல் எல்லாம் அந்த 'பேக்ரவுண்டு ரிசர்ச்' என்று போர்டில் எழுதி வைத்திருக்கிற சமாச்சாரத்தில்தான். தலைப்பைச் சொன்னால் போதும், எட்டுப் பக்கம் எழுதி, அட்டை போட்டு, பிள்ளையின் பெயரையும் அச்சடித்துக் கொடுப்பார்கள், 400 ரூபாய். ஒன்பதாவது படிக்கிற என் அண்ணன் மகளுக்கு அண்ணி ஒன்று வாங்கி வந்தார். தலைப்பு: எங்கள் தெருவில் போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர் மூன்றின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு). தலைப்பு பிள்ளையே யோசித்தது, நல்ல தலைப்பு.

உள்ளே என்ன இருந்தது? முதல் பக்கம் முழுக்க நீரின்றி அமையாது உலகு, அப்புறம் கங்கை மாசு, அப்புறம் ராஜஸ்தான் ஃப்ளோரைடு, அப்புறம் ஒரு அமெரிக்க வீடு நாளைக்கு எத்தனை கேலன் செலவழிக்கிறது என்று ஒரு பத்தி. 'கீழே உள்ள படம் 4-ஐக் காண்க' என்று வருகிறது, படம் 1 கூட எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் உச்சம்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் டிடிஎஸ் குறையும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

உப்பு அப்படிக் குறையாது. கடினத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தில் படியும், அந்த அளவுக்குத்தான் டிடிஎஸ் குறையலாம். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். கரிக்கிற போர் தண்ணீரை நன்றாகச் சுண்ட விட்டு அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். பிள்ளை இதை நம்பிப் போய் மேடையில் சொல்லியிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். "மிஸ் கேட்டா நெட்ல படிச்சேன்னு சொல்லச் சொல்லுங்க, அவங்க பாக்கறது அட்டையத்தான்" என்றார். பாதி உண்மை, அதுதான் கடுப்பு.

இந்த 'பேக்ரவுண்டு ரிசர்ச்' கட்டுரை எதற்கு என்பதே இந்தக் கடைகளுக்குப் பிடிபடவில்லை. சோதனை செய்வதற்கு முன்னால், ஏற்கெனவே தெரிந்தது என்ன, அதை வைத்து நான் என்ன எதிர்பார்க்கிறேன், எதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளை தனக்கே சொல்லிக்கொள்கிற பக்கங்கள் அவை. இந்தத் தலைப்புக்கு முதலில் வேண்டியது, டிடிஎஸ் மீட்டர் உப்பை நேராக அளப்பதே இல்லை என்கிற விஷயம். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. தண்ணீர் சூடானால் மின்கடத்தும் திறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். மீட்டர் இதை ஓரளவு சரிக்கட்டும், ஆனாலும் மூன்று தண்ணீரையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டு அளப்பதுதான் ஒழுங்கு. இதைப் படிக்காமல் வெயிலில் கிடந்த கேனையும் நிழலில் இருந்த குடத்தையும் ஒப்பிட்டால் அதற்குப் பெயர் சோதனையே இல்லை.

அடுத்தது, எந்த எண் நல்ல எண்? இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிநீருக்கு 500 மி.கி. என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை, எல்லாம் லிட்டருக்கு. கடல் நீர் சுமார் 35,000. மீட்டரில் எண் குறைவாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்றும் அர்த்தம் இல்லை, கிருமியை அது பார்க்காது. கேன் தண்ணீர் ஏன் குறைவாகக் காட்டும் என்றால் ஆர்.ஓ., அதாவது உப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிற முறை. அந்தச் சவ்வை உருப்படியாகச் செய்து காட்டியவர்கள் 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் வேலை செய்த சிட்னி லோப், சௌரிராஜன் இருவரும். அதே முறையில்தான் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு, வடசென்னைக்கு வருகிற தண்ணீர். மீஞ்சூர் பக்கம் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் நீர் நிலத்தடிக்குள் புகுந்த கதையும் இருக்கிறது. இதெல்லாம் நம் வீட்டு வாசல் சங்கதி. கங்கைக்கு ஏன் போக வேண்டும்?

அண்ணன் மகள் கடைக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தையும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் எடுத்த குறிப்புகளையும் வைத்து மூன்று பக்கம் தன் கையால் எழுதினாள். எழுத்துப்பிழை இருந்தது, அட்டையும் இல்லை. ஆனால் ஏன் மூன்றையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டாய் என்று நான் கேட்டதற்கு மூச்சு விடாமல் பதில் சொன்னாள்.

அப்புறம் அதையே டைப் அடிக்க அதே கடைக்குத்தான் கொடுத்தோம், கடைக்கார அண்ணனும் சந்தோஷமாகச் செய்து கொடுத்தார். பைண்டிங்குக்கு ஐந்து ஸ்டார், எழுதிக் கொடுப்பதற்கு ஒன்று, அதுவும் ஃபாண்டுக்காக. எக்ஸிபிஷன் சீசனில் சாயங்காலம் போனால் கூட்டம் தெருவரை நிற்கும், காலையில் போங்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வரும்.