மீ சோனா, வாட் பூவா?

வியட்நாம், லாவோஸ் போகிறவர்கள் பலர், வியட்நாமின் மீ சோன், லாவோஸின் வாட் பூ இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்கிறார்கள். இரண்டுமே சிவன் கோயில்கள்தான்.

போக்குவரத்து: மீ சோன், ஹோய் ஆன் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ., அரை நாள் போதும். வாட் பூவுக்குப் பாக்சே நகரம் வரை போய், அங்கிருந்து சம்பாசக் ஊர்ப் பக்கம் போக வேண்டும்.

நடை: மீ சோனில் பெரும்பாலும் சமதரை. வாட் பூவில் செங்குத்தான கல்படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

பார்க்க: மீ சோன், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பழைய சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் கோபுரங்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோயிலே இடிந்துபோனது, அந்த இடிபாட்டு மேட்டின் முன் நிற்கையில் மனம் கனக்கும். 2020-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் சீரமைப்புப் பணியின்போது ஒரே கல்லாலான சிவலிங்கத்தைக் கண்டெடுத்தார்கள்.

வாட் பூவில் மலையுச்சியே லிங்க வடிவம். ஊற்றுநீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து கருவறை லிங்கத்துக்கு ஓயாமல் அபிஷேகம் செய்திருக்கிறார்கள்! இன்று உள்ளே புத்தர், வழிபாடு நடக்கிறது.

பெற்றோருடன், குறைந்த நாளில் என்றால் மீ சோன், அதுவும் வெயில் ஏறுமுன் காலையிலேயே. ஏற முடியும், கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு வாட் பூ. என் மனம் அந்த ஊற்றின் பக்கம்தான்.