பின் ஆக்ஸில் மாற்றி இரண்டு வருஷம்: எல்லாம் சரி, ஸ்பீடோமீட்டர் முள்ளைத் தவிர

"ஆக்ஸில் மாத்தினதும் மைலேஜ் கூடிச்சுன்னு சொன்னியே, நானும் மாத்திடட்டுமா?" என்று நண்பன் கேட்டான். எனக்குப் பகீர் என்றது. சொன்னது நான்தான். அது தப்புக் கணக்கு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான்.

என்னுடையது பழைய பிக்கப். பின் ஆக்ஸிலில் 3.08 ரேஷியோ: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 சுற்று சுற்ற வேண்டும். எண் கூடினால் இழுவை கூடும். காலியாக ஓட்ட சுகம், பாரம் ஏற்றினால் மேட்டில் திணறும். அதே அகலம், அதே வீல் போல்ட் அளவுள்ள 3.73 ஆக்ஸில் ஒன்று, உடைக்கப் போட்ட வண்டியில் கிடைத்தது. மூடியில் தொங்கிய, ரேஷியோ எழுதிய தகட்டை நம்பவில்லை. ஒரு சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். ஒன்று நின்றால் மற்றதன் இரண்டு சுற்றுதான் ஒரு சுற்றுக் கணக்கு. தண்டு மாட்டுகிற ஃபிளாஞ்ச் மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. சரியான உருப்படிதான்.

மாற்றுகிற வேலையில் ஆக்ஸில் படுத்தவில்லை, துருதான் படுத்தியது. பிரேக் பைப் நட்டு ஸ்பேனருக்கு மசியாமல் பைப்போடு முறுகி ஒடிந்தது. ஆக்ஸிலைக் கமான் பட்டையோடு பிடிக்கிற யூ போல்ட் நான்கும் புதிதாகவே போட்டேன். ஒருமுறை இறுக்கி இழுபட்டதைத் திரும்பப் போடக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கியதையும் சொல்ல வேண்டும். கமான் பட்டை படிந்து உட்கார்ந்ததும் நட்டு தளர்ந்துதான் இருந்தது. ஆக்ஸிலின் காற்றுப் போக்கியான ப்ரீதர் அடைத்திருப்பதை மட்டும் கவனிக்கவில்லை. சூட்டில் உள்ளே காற்று அழுத்தி, ஆயில் சீல் வழியாகக் கசிந்து, ஒரு பக்கப் பிரேக் லைனிங்கை நனைத்துவிட்டது. அந்த முட்டாள்தனம் என் கணக்கு.

ஓட்டும்போது? வேறு வண்டி. முன்பு இரண்டாவது கியரில் ஊர்ந்த மேட்டை, அதே பாரத்தோடு மூன்றாவதில் ஏறுகிறது. கிளட்சை அரைத்து அரைத்துக் கிளப்ப வேண்டியதில்லை. ஊளைச் சத்தமில்லை, அதிர்வில்லை. நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் போன வேகத்துக்கு இப்போது 2,400க்கு மேல் வேண்டும். தெரிந்து செய்ததுதான்.

இந்த ஸ்பீடோமீட்டர்தான் என்னைக் கொல்கிறது.

அதற்கான கேபிள் கியர்பாக்ஸ் வாலிலிருந்து வருகிறது. பின்னால் ரேஷியோ மாறியது அதற்குத் தெரியாது. 3.73ஐ 3.08ஆல் வகுத்தால் 1.21. நான் 80ல் போனால் முள் 97 காட்டும். பக்கத்தில் உட்காருகிற ஒவ்வொருவரும் "மெதுவா போ" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வகுத்தல் சொல்லிக் கொடுக்கிறேன். யாரும் நம்புவதில்லை.

கிலோமீட்டர் கணக்கும் அதே கேபிளில்தான் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 12.1 கொடுக்கிறது என்று நண்பனிடம் பீற்றிக்கொண்டது அந்த மாதங்களில்தான். 12.1ஐ 1.21ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 10. கூடவில்லை, ஒன்று குறைந்திருக்கிறது. நான் ஓடாத கிலோமீட்டருக்கெல்லாம் ஆயில் வேறு மாற்றியிருக்கிறேன்.

சரிசெய்ய முயலாமல் இல்லை. கேபிள் முனையில் 18 பல் நைலான் கியர் இருந்தது. 22 பல் போட்டால் முள் ஏறக்குறைய உண்மை சொல்லும். வாங்கிப் போட்டேன். பல் கூடினால் கியர் பருமனாகும், அதைத் தாங்கும் ஹோல்டரும் மாற வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய ஹோல்டரிலேயே திணித்தேன். பத்து நிமிஷத்தில் பல் மழுங்கி, முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. பழைய கியரையே திரும்பப் போட்டேன்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். மேட்டில் ஏறுகிற சுகத்துக்கு இன்னொரு முறை கூட நான் இதைச் செய்வேன். ஆனாலும் நீ செய்யாதே. உன் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வகை. பின்னால் மாற்றினால் முன்னாலும் அதே ரேஷியோ போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கரத்தையும் சேர்த்த உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும். மைலேஜும் கூடாது. அன்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

சரியான ஹோல்டரும் புது 22 பல் கியரும் வந்து ஆறு மாசமாக மேசை டிராயரில் கிடக்கின்றன. அடியில் போய்ப் படுக்கத்தான் மனசு வரவில்லை.