மீட்டர், லேப், எச்பிஏ1சி: எந்த சுகரை நம்புவது?

ஒரே நாள் காலை. அப்பாவின் குளுக்கோமீட்டரில் அம்மா விளையாட்டாகக் குத்திப் பார்த்ததில் 142. அரை மணி நேரம் கழித்து லேப் ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துப்போன ரத்தத்தில் வெறும் வயிற்று சுகர் 119, அதே சாம்பிளோடு பார்த்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் சோதனை) 7.1. முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பார்த்தால் சர்க்கரை நோய், நடு எண்ணைப் பார்த்தால் இன்னும் இல்லை. "இதுல எதுடா நெசம்?" என்றார் அம்மா. மூன்றுமே நிஜம்தான். ஆனால் மூன்றும் ஒரே சங்கதியை அளப்பதில்லை, அதைத்தான் ரிப்போர்ட்டில் யாரும் எழுதுவதில்லை.

மீட்டரிலிருந்து தொடங்கலாம். ஸ்ட்ரிப்பின் நுனியில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒரு நொதி, பெரும்பாலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். அது குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி மின்முனைக்கு அனுப்ப, அந்தத் துளி மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சி நீலமா, பச்சையா, செங்கல் சிவப்பா என்று பார்த்த தலைமுறைக்கு இது மாயாஜாலம். ஆனால் மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான 2013-இன் ஐஎஸ்ஓ 15197 விதி கேட்பதே இவ்வளவுதான்: சுகர் 100-க்கு மேல் இருந்தால், நூற்றில் 95 அளவீடுகள் லேப் அளவிலிருந்து 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 125 இருந்து மீட்டர் 142 காட்டினாலும் அது பாஸ்! இதில் விரலின் புண்ணியம் வேறு. மாம்பழம் நறுக்கிய கையில் குத்தினால் நொதி பாவம், பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே எண்ணும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போகாது, கையைத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

அப்போ லேப் எண்தான் சரியா? கருவி சரி, வழியில்தான் கோளாறு. குழாயில் அடைத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடு குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃப்ளோரைடு போடுகிறார்கள். ஃப்ளோரைடு முடக்குவது எனோலேஸ் என்ற நொதியை, அதுவோ குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிப் பக்கம் இருக்கிறது. தெருக்கோடியில் கேட்டைப் பூட்டினால் தெருமுனையில் ஆள் நுழைவது உடனே நின்றுவிடாதில்லையா, அதே கதைதான். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் குறைந்துகொண்டேதான் போகும். எங்கள் வீட்டில் ஆறரைக்கு எடுத்த குழாய், வண்டியில் இன்னும் பல வீடுகள் சுற்றி ஒன்பதரைக்குத்தான் லேப் போய்ச் சேர்ந்தது. 119 என்பதில் எனக்கு சந்தேகம் வந்தது அங்கேதான்.

வைட்டமின் சி செய்கிற வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நரம்பு வழியாக அதிக அளவில் அதை ஏற்றியவருக்கு, வைட்டமினே மின்முனையில் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவதால் பல மீட்டர்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். அதே ரத்தத்தை இளஞ்சிவப்பு நிறம் வரவழைக்கும் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ் முறையில் பார்த்தால், நிறம் தர வேண்டிய பெராக்சைடை வைட்டமின் விழுங்கிவிடுவதால் குறைவாக வரும். பெரிய லேப்களின் ஹெக்சோகைனேஸ் முறையை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தினம் ஒரு மாத்திரை போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

எச்பிஏ1சி தனி ரகம். 1968-இல் ஈரானின் சாமுவேல் ராபர் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கவனித்த விசித்திர ஹீமோகுளோபின்தான் இது. ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ள நொதியே தேவையில்லை, தானாக ஒட்டி, பிறகு விடாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதச் சராசரி கிடைக்கிறது. வெறும் வயிறும் வேண்டாம், நேற்று தின்ற ஜிலேபியும் ஏமாற்றாது. 7.1 என்றால் சராசரி சுமார் 157. ஆனால் இந்தக் கணக்கு சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவோ பி12 குறைவோ இருந்தால் பழைய அணுக்களின் பங்கு கூடி எண் ஏறலாம் (சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்). ரத்தப்போக்கோ, ஜி6பிடி நொதிக் குறைபாடோ இருந்து அணுக்கள் சீக்கிரம் தீர்ந்துபோனால் எண் இறங்கும். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம்! ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து முத்திரை குத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் என் தேர்வு இப்படி. நோய் உண்டா என்று முடிவு செய்ய, லேபுக்கே நடந்து போய்க் கொடுக்கும் வெறும் வயிற்று ரத்தமும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதும். நோய் என்று சொல்லும் 126, 200 என்ற எல்லைகள் முறையே இந்த இரண்டுக்கும்தான், மீட்டருக்கு இல்லை. ஏற்கெனவே மருந்தில் இருக்கும் அப்பாவுக்கு தினசரி ஏற்ற இறக்கம் பார்க்க மீட்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை, குறிப்பாகத் தலைசுற்றும்போது. எச்பிஏ1சி, ரத்தசோகை இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

அம்மாவின் ஹீமோகுளோபின் 9.2, ரத்தசோகைதான். டாக்டர் சொன்னபடி லேபிலேயே போய் மறுபடி கொடுத்ததில் வெறும் வயிற்றில் 123, இரண்டு மணி நேரத்தில் 176. சர்க்கரைக்கு முந்தைய கட்டம் என்றார். இரும்பு மாத்திரை போட்டு நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது எச்பிஏ1சி 6.2. மீட்டரை அப்பா இப்போது பீரோவில் வைத்துப் பூட்டுகிறார், ஸ்ட்ரிப் விலை அப்படி.