ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று அடுப்பு

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து தங்கை போன் பண்ணினாள். "அக்கா, கேஸை விட்டுட்டு முழுசா இண்டக்ஷனுக்கு மாறிடலாம்னு பார்க்கிறேன். புகையே கிடையாது, சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?" பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. "வெந்நீர் வைக்க விறகு மாதிரி ஒண்ணு வருமா? தோப்புல மட்டை சும்மாதானே கெடக்கு" என்றார். எங்கள் வீட்டில் பெரும்பாலும் எரிவது கேஸ். ஆக ஒரே குடும்பத்தில் மூன்று அடுப்புக்கும் ஆள் இருந்தார்கள்.

அன்றிரவு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு பொது அளவு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பது என்று வைத்துக்கொண்டேன். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரியில் வருகிறது. அதை 100க்கு ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) போகும். 70 டிகிரிக்கு 293 கிலோஜூல். தண்ணீருக்குத் தேவை அவ்வளவுதான், எந்த அடுப்பில் வைத்தாலும் அது மாறாது. அந்த 293ஐப் பாத்திரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வெளியே எவ்வளவு எரிக்கிறோம் என்பதில்தான் அடுப்புக்கு அடுப்பு வித்தியாசம்.

முதலில் அம்மாவின் விறகு.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16,000 கிலோஜூல் இருக்கிறது. மூன்று கல் வைத்து எரித்தால் அதில் 15 சதவீதம் பாத்திரத்துக்குப் போவதே பெரிது. மீதி எல்லாம் காற்றோடும், கல்லோடும், புகையோடும் போய்விடும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு சுமார் 120 கிராம் விறகு. மழைக்காலத்தில் இது இன்னும் ஏறும். ஈர விறகு தன்னிடமுள்ள தண்ணீரை முதலில் ஆவியாக்கிவிட்டுத்தான் நமக்கு வேலை செய்யும். ஊதுகுழலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீமைக் கருவேல விறகு கிடைத்துவிட்டால் அம்மா முகமே மலர்ந்துவிடும். நின்று எரியும் என்பார்.

நம் பாட்டிமார் இந்த விரயத்தைத் தெரியாமல் இருந்தவர்கள் இல்லை. கொடி அடுப்பு என்று ஒன்று போடுவார்களே, அதில் பெரிய அடுப்பில் சோறு வேகும்போது மிஞ்சும் அனல் பக்கத்துத் துளை வழியாகப் போய்ச் சின்ன அடுப்பில் ரசத்தைச் சூடாக வைத்திருக்கும். வீணாகும் வெப்பத்தைப் பிடித்து இரண்டாவது வேலை வாங்கும் இந்த உபாயத்தைத்தான் பெரிய ஆலைகளிலும் செய்கிறார்கள். 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுபோனது. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் எடுத்துவிட ஆள் இல்லாமல் பல வீடுகளில் அது கிடப்பில் போனது.

விறகில் வரும் கரியமில வாயு ஒரு லிட்டருக்கு சுமார் 200 கிராம். ஆனால் வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கீழே விழுந்த மட்டையும் பாளையும் பன்னாடையும் என்றால் எரிக்காவிட்டாலும் மக்கித்தான் போகப்போகிறது. அதனால் விறகின் மீது எனக்குள்ள கோபம் கரியமில வாயுவால் வந்ததில்லை, புகையால் வந்தது. வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருளின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான். விறகு மலிவு என்று கணக்குச் சொல்பவர்கள் இந்தச் செலவை எந்தக் காலத்திலும் எழுதியதில்லை. கொல்லையில் திறந்த வெளியில் மட்டை போட்டு வெந்நீர் வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுப்படிக்குள் விறகு வேண்டவே வேண்டாம்.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஸ்டவ் குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அது சோதனைச்சாலை அளவு. வீட்டில் சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீ பக்கவாட்டில் ஏறி நாக்கை நீட்டும்படி எரித்தால் அந்த அளவு வராது. 65 என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 450 கிலோஜூல், அதாவது சுமார் 10 கிராம் கேஸ் போதும். விறகின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு! 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் 1,400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு கிராம் கேஸ் எரிந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொண்டு சுமார் 3 கிராம் கரியமில வாயுவாக மாறும். ஆக லிட்டருக்கு 30 கிராம்.

குறை இல்லாமல் இல்லை. சுத்திகரிப்பு ஆலையிலும் கப்பலிலும் ஆகும் செலவைச் சேர்த்தால் இந்த 30 இன்னும் கொஞ்சம் ஏறும். இந்தியா எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி, பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பதற்றம் என்றால் இங்கே சிலிண்டர் விலை நடுங்கும். நீல ஜுவாலை பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் அந்தச் சூட்டில் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பவர்களுக்கு, அதுவும் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு, அது நல்லதல்ல.

மண்ணெண்ணெய் திரி ஸ்டவ்வைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ரேஷனில் கேன் தூக்கி நின்ற காலத்தோடு அது போகட்டும்.

இனி தங்கையின் இண்டக்ஷன். தட்டுக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடும்போது, மேலே இருக்கும் இரும்புப் பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே மின்சுழல் உண்டாகி அது சூடாகிறது. பாத்திரமே அடுப்பாகிவிடுவதால் வெளியே சிந்துவது குறைவு. 85 சதவீதம் தாராளமாக உள்ளே போகும். காந்தம் ஒட்டாத பாத்திரம் இதில் வேலைக்காகாது. அலுமினியக் குண்டான், மண்சட்டி, அம்மாவின் ஈயச்சொம்பு எல்லாம் அவுட். இரும்பு தோசைக்கல் சூடாகும்தான், ஆனால் கீழே சுருள் இருக்கும் வட்டம் மட்டும் காய்ந்து ஓரம் வெள்ளையாகவே நிற்கும்.

ஒரு லிட்டருக்கு ஆவது ஏறத்தாழ 0.1 யூனிட். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3,200 தடவை சிமிட்டும் என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட்டு இண்டக்ஷனில் ஒரு லிட்டர் வைத்தால் 320 சிமிட்டல் பக்கமாக ஆன பிறகுதான் கொதி வரும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், மின்சாரம் என்பது எண்ணக்கூடிய பொருள் என்று அவர்களுக்குப் பிடிபடும்.

இதுவரை பார்த்தால் தங்கை சொல்வதுதான் சரி. ஆனால் நம் அடுப்படிப் புகையை வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த 0.1 யூனிட் எங்கிருந்து வருகிறது? ராத்திரி எட்டு மணிக்கு என்றால் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாராதீப் போய், கப்பலேறி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. அனல் மின் நிலையம் அந்தக் கரியின் வெப்பத்தில் சுமார் 35 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். மீதி குளிர்விப்பான் கோபுரத்தின் ஆவியாகவும் கடலில் விடும் வெந்நீராகவும் போகும். கம்பியில் வரும் வழியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நஷ்டம். மூன்றையும் பெருக்கினால், கரியிலிருந்த வெப்பத்தில் நம் தண்ணீருக்கு வந்து சேர்வது 27 சதவீதம். மேலே 85 என்று சொன்னதன் முழுக் கதை இதுதான்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் எடையில் பாதி தண்ணீர். அம்மா ஈர விறகோடு படும் பாட்டை அங்கே பெரிய பெரிய கொதிகலன்கள் படுகின்றன.

ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. கம்பி நஷ்டத்தையும் சேர்த்தால் நம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 110 கிராம் வருகிறது. கேஸில் 30. காற்றாலை, சூரிய ஒளி, அணு எல்லாவற்றையும் கலந்து நாட்டின் சராசரியாக யூனிட்டுக்கு 700 கிராம் என்று எடுத்தாலும் 75 கிராமுக்கு மேல் போகிறது. யூனிட்டுக்கு சுமார் 270 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் இண்டக்ஷன் கேஸை ஜெயிக்கும். கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கே நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதோடு எண்ணூர்க்காரர்களையும் நினைக்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்திருக்கும் சாம்பல் அவர்கள் மீன் பிடிக்கும் இடத்தில்தான் கிடக்கிறது. தங்கை வீட்டில் காணாமல் போன புகை அங்கே போயிருக்கிறது.

அப்படியானால் இண்டக்ஷன் வேண்டாமா? வேண்டும், நேரம் பார்த்து. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் வேகமாக ஏறிவருகிறது. பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெயில் மின்சாரம் தாராளம். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் காற்றாடிகள் முழு வேகத்தில் ஓடும். அந்த வேளையில் இண்டக்ஷன் போட்டால் கரியின் பங்கு குறைவு. கஷ்டம் என்னவென்றால் நம் அடுப்படி எரிவது காலை ஏழுக்கும் ராத்திரி ஏழுக்கும். வெயிலின் நேரமும் பசியின் நேரமும் பொருந்தவில்லை. கூரையில் சோலார் பலகை வைத்திருப்பவர்கள் மதியத்திலேயே பெரிய வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.

காசுக் கணக்கு தோராயமாகத்தான் சொல்ல முடியும். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் ஒரு லிட்டருக்கு 63 பைசா. மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்றால் 50 பைசா, 9 ரூபாய் என்றால் 90. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் கட்டணப் பட்டியலே மாறிவிடும். மலிவாகக் கிடைத்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை போடுவார்கள். அந்தக் கோட்டின் ஓரத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதை.

இன்னொரு ஜாக்கிரதை, என் அனுபவத்தில் கற்றது. 2,000 வாட் அடுப்பைச் சாதாரண ஐந்து ஆம்பியர் பாயிண்டில் அடாப்டர் வைத்துச் செருகினேன். மூன்றாம் நாள் கருகல் வாடை. பிளக்கைப் பிடுங்கினால் பித்தளைக் கால் ஒன்று நிறம் மாறி, சாக்கெட் முகம் இளகிப்போயிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தடித்த வயரோடு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்த பிறகுதான் மறுபடி போட்டேன். இதைச் செய்யாமல் இண்டக்ஷன் வாங்காதீர்கள்.

நோட்டில் கடைசியாக எழுதிய வரி மூன்று அடுப்பையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல். கொதித்த பிறகு அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போக 2,257 கிலோஜூல். ஏழரை மடங்குக்கும் மேல். கொதி வந்த பிறகும் தீயை முழுசாக வைத்துத் திறந்தபடி எரிப்பவர்கள் பருப்பை வேகவைக்கவில்லை, ஆவியைத்தான் உண்டாக்குகிறார்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தீயைக் கூட்டுவதால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடாது. குக்கரில் அழுத்தம் ஏறுவதால் சூடு 120 டிகிரி பக்கம் போகிறது, அதனால்தான் பருப்பு கால் மணியில் குழைகிறது. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடுவது, விசில் வந்ததும் சிம்மில் வைப்பது, பாத்திரத்துக்கு ஏற்ற பர்னர், ஒரு தட்டு மூடி. அடுப்பை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

தங்கைக்குத் திருப்பிப் போன் பண்ணி இரண்டு மாத ரீடிங் கேட்டேன். 420 என்றாள். அப்படியானால் கோட்டுக்குள் இன்னும் 80 யூனிட் இடம் இருக்கிறது. 80 யூனிட் என்பது 800 லிட்டர் கொதிநீர். கேஸில் 8 கிலோ, அதாவது பாதி சிலிண்டருக்கு மேல். அந்த அடுக்கில் யூனிட் 6 ரூபாய் சொச்சம் என்பதால் காசில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். பருப்பு, கடலை, குடிக்கிற வெந்நீர் மூன்றையும் மதியம் பன்னிரண்டு மணிக்கு இண்டக்ஷனில், காலைத் தோசையும் ராத்திரித் தாளிப்பும் கேஸில் என்று பிரித்துக்கொண்டாள். சிலிண்டர் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மா கொல்லைப்புற அடுப்பை விடவில்லை. வெந்நீர்த் தவலைக்கு மூடி இல்லாமல் இருந்தது. பழைய அலுமினியத் தாம்பாளம் ஒன்றைத் தேடி எடுத்து மூடியிருக்கிறேன். இரண்டு மட்டை குறைகிறது என்கிறார்.