நாலு வருட ஜீரோ டெப்: புது டிரைவர், ஒரு தூண், பம்பர் கணக்கு

தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: "பொண்ணுக்கு லைசென்ஸ் வந்தாச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன வண்டி எடுத்துக் கொடுக்கலாம்னு இருக்கோம். புதுசா ஓட்டுறவங்களுக்கு இன்சூரன்ஸ் ரொம்ப ஆகுமாமே, கம்மியா எங்க கிடைக்கும்?"

ஆகாது. அது வெளிநாட்டிலிருந்து வந்த பயம். பிரிட்டனில் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்தாலே பிரீமியம் எகிறும். வண்டிக்குள் கறுப்புப் பெட்டி மாட்டி, எப்படி பிரேக் பிடிக்கிறார்கள் என்று பார்த்து விலை போடுவார்கள். நம் ஊரில் பாலிசி வண்டிக்குத்தான். எஞ்சின் சிசி, வண்டியின் வயது, ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), எந்த ஊர்ப் பதிவு, இவைதான் பெரும்பாலும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஓட்டப்போகிறவர் நேற்று லைசென்ஸ் வாங்கியவரா, முப்பது வருட அனுபவக்காரரா என்பதால் பிரீமியம் பெரிதாக மாறுவதில்லை. எங்கள் வீட்டு வண்டிக்குப் பாலிசி எடுத்து நாலு வருடம் முடிந்த பிறகும் அதில் பிடித்த விஷயம் இது ஒன்றுதான். பிடிக்காத விஷயமும் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வண்டி 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், சென்னைப் பதிவு, இரண்டாம் கை. காம்ப்ரிஹென்சிவ் (அடுத்தவர் சேதம், சொந்த வண்டியின் சேதம் இரண்டுக்கும்), கூடவே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் கவர்). ஓட்டியது பெரும்பாலும் புது லைசென்ஸ்காரர்.

தேர்ட் பார்ட்டியில், அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில், பேரம் பேச ஒன்றும் இல்லை. அது அரசு நிர்ணயித்த தொகை, எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரை ரூ.2,094, 1,500 வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. மேலே 18% ஜிஎஸ்டி. முதல் வண்டி இன்னும் வாங்கவில்லை என்றால் இங்கேயே ஒரு மிச்சம் இருக்கிறது: 998 சிசி எஞ்சின் எடுத்தால் 1,197-ஐ விட வருடத்துக்கு வரியோடு ரூ.1,560 குறைவு. "எங்க கம்பெனில தேர்ட் பார்ட்டி சீப் சார்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது ஓ.டி., அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி. பழைய டாரிஃப் (கட்டண அட்டை) படி சென்னை 'ஏ' மண்டலம், மதுரை, கோவை எல்லாம் 'பி'. இந்த அளவு எஞ்சினுக்கு, வண்டி ஐந்து வயதுக்குள் இருந்தால், ஐடிவியில் 'ஏ'-வுக்கு 3.283%, 'பி'-க்கு 3.191%. இதிலிருந்துதான் ஒவ்வொருவரும் தள்ளுபடி போடுகிறார்கள். ஐந்து லட்சம் ஐடிவிக்கு ரூ.16,415 என்று காட்டி, தள்ளுபடி போக ஆறாயிரத்தில் வந்து நிற்கலாம். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த ரூ.6,000-ஐ வைத்து.

இனி பம்பர்.

புதிதாக ஓட்டுகிறவர் பெரிய விபத்து செய்வது அரிது. அவர் செய்வது தேய்ப்பது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் வண்டியின் இடது முன் மூலை எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. அடுக்ககத்தின் கீழ்த்தளத் தூண் அதைச் சொல்லிக் கொடுக்கும். எந்த அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்குக்கும் போய்த் தூண்களைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று இழுவிய கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு வீட்டில் வந்த புது லைசென்ஸ்.

அந்த மூலையில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50% தேய்மானம் கழிப்பார்கள், வண்டி போன மாதம் வாங்கியதாக இருந்தாலும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புக்கு வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, இரண்டிலிருந்து மூன்று வருடம் என்றால் 15%, ஐந்து தாண்டினால் 40%. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கதவு நசுங்கினால் அதிகம் வலிக்காது. பம்பர் போனால் வலிக்கும். புது டிரைவர் கதவை நசுக்குவதில்லை.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பம்பர் ரூ.6,000, பெயின்ட் ரூ.5,000, லேபர் ரூ.1,500, ஆக ரூ.12,500. சாதாரண பாலிசியில் பம்பருக்கு 3,000, பெயின்ட்டுக்கு 625, கட்டாயக் கழிவு 1,000 (ஒவ்வொரு கிளெய்முக்கும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,500 சிசி வரை இது எல்லோருக்கும் உண்டு), மொத்தம் ரூ.4,625 கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் அந்த ஆயிரம் மட்டும். கிளிப், நட்டு என்று நுகர்பொருள் பெயரில் சில நூறு கூடலாம். இதுவரை ஜீரோ டெப் சொன்னதைச் செய்யும், நியாயமாகச் செய்யும். எரிச்சல் அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது வரும்.

என்சிபி என்கிற நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 என்று ஏறும், ஓ.டி.க்கு மட்டும். ஒரு கிளெய்ம் போட்டால் ஏணியின் அடிக்கு வந்துவிடும். எல்லோரும் அடுத்த வருட நஷ்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். மறுபடி ஏறும் வருடங்களையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

முதல் வருடம், என்சிபி பூஜ்யம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்தடுத்த வருடங்கள் 20, 25, 35, 45, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 50%. ஆறாயிரத்தில் ரூ.3,000, வரியோடு ரூ.3,540.

அதே கிளெய்மை என்சிபி 35%-ல் நிற்கும்போது போட்டால்? 45-க்குப் பதில் 0, பிறகு 50-க்குப் பதில் வரிசையாக 20, 25, 35, 45. கூட்டினால் 120%. ரூ.7,200, வரியோடு ரூ.8,496. வருடா வருடம் ஐடிவி இறங்குவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனால் விகிதம் இதுதான்.

இப்போது அந்த 12,500 பில்லை இதன் பக்கத்தில் வையுங்கள். 35%-ல் இருப்பவர் சாதாரண பாலிசியில் கிளெய்ம் போட்டால் கையில் வருவது 7,875, போவது 8,496. பணம் கட்டி இன்சூரன்ஸ் எடுத்து, அதைப் பயன்படுத்தியதற்கு அறுநூறு ரூபாய் அபராதம். ஜீரோ டெப் இருந்தால் 11,500 வரும், மிஞ்சுவது மூவாயிரம். அதில் ஜீரோ டெப்புக்கே வருடம் கட்டும் தொகையைக் கழித்தால் மிச்சம் பேசுகிற அளவுக்கு இருக்காது. முதல் வருடத்தில் அதே பம்பருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய எட்டாயிரம்.

ஆக "சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடாதே, என்சிபியைக் காப்பாற்று" என்கிற அறிவுரை பெரியவர்களுக்கானது, ஏணியின் உச்சியில் இருப்பவர்களுக்கு. புது டிரைவரிடம் முதல் வருடம் காப்பாற்ற என்சிபியே இல்லை. அதிகம் தேய்ப்பதும் அந்த வருடம்தான். ஜீரோ டெப்பை முதல் வருடம் கண்டிப்பாக எடுக்கலாம், பில் ஐந்தாயிரம் தாண்டினால் கூச்சப்படாமல் போடலாம். அதே பாலிசி வருடத்தில் இரண்டாவது கிளெய்முக்கு என்சிபி நஷ்டம் கூடுதலாக எதுவும் இல்லை, போனது போனதுதான். ஆனால் ஜீரோ டெப்பில் வருடத்துக்கு இரண்டு முறைதான் என்று சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. வாங்கும்போதே பாலிசி வாசகத்தில் பார்த்துவிட வேண்டும்.

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்வது: நாலு மாதக் கீறல்களைச் சேர்த்து வைத்து ஒரே ஃபாரத்தில் போடுவது. சர்வேயர் முட்டாள் இல்லை. விரலை ஈரமாக்கிக் கீறலின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். அழுக்கு உள்ளே படிந்திருந்தால் பழசு, இரும்பில் துரு எட்டிப் பார்த்தால் அதைவிடப் பழசு. முன்னால் இடது மூலை, பின்னால் வலது மூலை இரண்டையும் ஒரே இடி என்று எழுதினால் "எப்படி சார்?" என்பார். தனித்தனிச் சம்பவம் என்றால் தனித்தனி கிளெய்ம், ஒவ்வொன்றுக்கும் அந்த ஆயிரம் ரூபாய். இடித்த அன்றே போட்டோ, அன்றே தகவல், சர்வே முடியும் வரை பட்டறையில் கை வைக்க விடக்கூடாது. பாலிஷ் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் கிளெய்மும் பாலிஷ் ஆகிவிடும்.

இன்னொன்று. எல்எல்ஆரோடு ஓட்டினாலும் பாலிசி செல்லும், ஆனால் முன்னும் பின்னும் 'எல்' போர்டு இருக்க வேண்டும், பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக எடுத்துப்போய் இடித்துவிட்டு "அப்பா ஓட்டினதா எழுதிடலாம்" என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். அது மோசடி. தெருவுக்குத் தெரு கேமரா இருக்கும் காலத்தில் முட்டாள்தனமும் கூட.

வண்டி யார் பெயரில் இருக்கலாம் என்பதிலும் பணம் இருக்கிறது. என்சிபி வண்டிக்கு உரியது இல்லை, ஆளுக்கு உரியது. பழைய வண்டியை விற்ற அப்பாவிடம் 50% என்சிபி இருந்தால், அதற்கான கடிதத்தை வாங்கி வைத்து மூன்று வருடத்துக்குள் அவர் பெயரில் வாங்கும் வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் பெயரில் வாங்கினால் அது வராது. ஓட்டுவது யாராக இருந்தாலும், லைசென்ஸும் சம்மதமும் இருந்தால் பாலிசி செல்லும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் வருடமே 50%-ல் தொடங்கினால் மேலே சொன்ன பம்பர் கணக்கு தலைகீழ். உச்சியிலிருந்து விழுந்தால் 125%. அப்பாவின் போனஸும் மகளின் தூணும் ஒரே பாலிசியில் ஒத்துப்போகாது. அப்படி எடுப்பவர்கள் ஜீரோ டெப்பை விட்டுவிட்டு, சின்ன வேலைகளைப் பக்கத்து டிங்கர் கடையில் கைக்காசில் முடிப்பதுதான் லாபம்.

உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு ரூ.15 லட்சம், கட்டாயம் என்பார்கள். அது ஆர்சியில் பெயர் இருப்பவருக்கு மட்டும், அவருக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டியது மகள் என்றால் அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. கோர்ட்டும் கைகொடுக்காது: வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஓட்டுகிறவர் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுவது நல்லது. இந்தப் பதிவில் கணக்குப் பார்க்காமல் செய்யச் சொல்வது இது ஒன்றுதான்.

இரண்டாம் கை வண்டிக்கு: "மார்ச் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. தேர்ட் பார்ட்டி தானாகப் புது உரிமையாளருக்கு மாறும்; ஓ.டி. மாறாது. 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், விற்றவரின் என்சிபிக்கான வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். அதற்குள் தூணில் உரசினால் சொந்தச் செலவு.

விலையைக் குறைக்கச் சொல்லப்படும் மற்ற வழிகளில் பாதி வேலைக்காகாது. ஐடிவியைக் குறைத்துக் காட்டுவது ஒப்பீட்டுத் தளங்களின் பழைய வித்தை. சில நூறு மிச்சமாகும், வண்டி திருடு போனால் பல ஆயிரம் போகும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75% தாண்டினால் முழு நஷ்டம் என்று வண்டியையே எழுதிவிடுவார்கள், ஐடிவி குறைந்தால் அந்தக் கோடும் கீழே இறங்கும். தன்னார்வக் கழிவு அதைவிட மோசம்: டாரிஃப்படி ரூ.15,000 வரை நாமே ஏற்கிறோம் என்றால் தள்ளுபடி அதிகபட்சம் ரூ.2,500. புது டிரைவருக்கு இது தற்கொலை. 2022 முதல் வந்திருக்கும் கிலோமீட்டர் கணக்குப் பாலிசி மட்டும் உருப்படி, வாரக் கடைசியில் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு. சென்னையில் இருப்பவர்கள் எஞ்சின் கவர் சேர்க்கலாம். 2015-லும் 2023-லும் தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்தவர்களுக்குச் சாதாரண பாலிசி கைவிரித்தது. புதிதாக ஓட்டுகிறவர்தான் பதற்றத்தில் சாவியைத் திருப்புவார்.

தீர்ப்பு. முதல் வருடம் இரண்டு கிளெய்ம், இரண்டும் இடது மூலை, இரண்டிலும் ஜீரோ டெப் கேள்வி கேட்காமல் கொடுத்தது. பிறகு மூன்று வருடம் சுத்தம். வண்டி வயது ஐந்து தாண்டியதும் சில இடங்களில் ஜீரோ டெப் தர மறுத்தார்கள், தந்தவர்கள் விலையை ஏற்றினார்கள். இப்போது என்சிபி சரியாக 35%-ல் நிற்கிறது. மேலே போட்ட கணக்குப்படி இந்த வருடம் ஜீரோ டெப்பை விட்டுவிட வேண்டும், சந்தேகமே இல்லை.

பாலிசியைப் புதுப்பித்தாயிற்று, ஜீரோ டெப்போடுதான். வீட்டில் இளையவளுக்கு எல்எல்ஆர் வந்துவிட்டது.