மூன்று வெபர், ஆறு தொண்டை: டாட்சன் 240-இசட் காருக்கு வாங்கிய கார்புரேட்டர் கிட்

என்னுடைய 1972ஆம் ஆண்டு டாட்சன் 240-இசட் காரில் பதினொரு மாதங்களுக்கு முன் மூன்று வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்புரேட்டர்களை, அதாவது காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகளை, பொருத்தினேன். ஒவ்வொன்றிலும் காற்று போகும் இரண்டு குழல்கள், அதாவது தொண்டைகள், உண்டு. கார்புரேட்டர்கள், அவற்றைத் தாங்கி எஞ்சினோடு இணைக்கும் அலுமினிய மேனிஃபோல்டு, மூன்றையும் ஒன்றாக இயக்கும் லிங்கேஜ், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள் என எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. விற்றவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடை வைத்திருப்பவர். மேனிஃபோல்டையும் லிங்கேஜையும் செய்தவர் யார் என்று பெட்டியில் எங்கும் போட்டிருக்கவில்லை. ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். வாங்கிய மாதமே எழுதியிருந்தால் இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன்.

இந்தக் காரின் எல்24 எஞ்சின் 2,393 சி.சி. கொள்ளளவுள்ள, வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எஸ்.யு. வகையைச் சேர்ந்த இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள் இதில் இருக்கும்; முன் மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. அது மோசமான ஏற்பாடு அன்று. நிமிடத்துக்கு 5,600 சுற்றில் 151 குதிரைத்திறன் என்று நிறுவனம் அன்று அறிவித்த எஞ்சின் அதை வைத்துத்தான் ஓடியது. என் காரில் இருந்த இரண்டிலும் காற்றை அடைத்துத் திறக்கும் த்ராட்டில் தகட்டின் தண்டு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று புகுந்து, ஐடில், அதாவது மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஒருநாளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. தேய்ந்த தண்டுகளை மாற்றியிருந்தால் கால்வாசிச் செலவில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனித் தொண்டை என்ற ஆசை இருபது வயதிலிருந்தே எனக்குள் இருந்தது. அந்த ஆசைக்கு அறிவும் வக்கீலாக நின்று வாதாடியது.

தனித் தொண்டை என்பது வெறும் அலங்காரம் அன்று. ஒரே கார்புரேட்டரை மூன்று சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒன்று இழுக்கும் நேரத்தில் அடுத்ததன் பங்கு குறைகிறது. கலவையும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. எல்24 எஞ்சினின் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியில், காற்று நுழைய ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியே ஆறு வாய்கள் இருப்பதால் மூன்று இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர்கள் நேராகப் பொருந்துகின்றன. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவிலேயே பழைய செவ்ரோலெட் 4.1 வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் காரைப் பார்த்துவிட்டுத் தானும் இதையே பொருத்தலாமா என்று கேட்டார். அவருடைய ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு வாய் என்ற கணக்கில் மூன்றே வாய்கள் இருப்பதால், ஆறு தொண்டை வைத்தாலும் ஹெட்டுக்குள் நுழையும் முன் அவை மறுபடி ஜோடி சேர்ந்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். அவர் இன்னும் என்மேல் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறார்.

பெட்டியில் இருந்தவற்றில் கார்புரேட்டர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்டுகள் வழுவழுப்பாகத் திரும்பின, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளின் உயரம் மூன்றிலும் சரியாக இருந்தது, எந்த இணைப்பிலும் பெட்ரோல் கசியவில்லை. குறைகள் மேனிஃபோல்டில் தொடங்கின. ஹெட்டோடு சேரும் முகத்தின்மேல் நேர்க்கம்பியை வைத்துப் பார்த்தபோது நடுவில் இருந்த இரண்டு வாய்களுக்கு அடியில் இடைவெளி அளக்கும் 0.2 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாகப் புகுந்தது. கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு வாய்களின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டு நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மீது உட்காருகின்றன. நடுவில் இருக்கும் போல்ட்டுகளின் தடித்த வாஷர்கள் இரண்டையும் சேர்த்தே அழுத்துகின்றன. ஆகவே இரண்டின் விளிம்புத் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். என் பழைய எக்ஸாஸ்ட்டின் விளிம்பைவிடப் புதிய மேனிஃபோல்டின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தது; அப்படியே முறுக்கியிருந்தால் வாஷர் சாய்ந்து, கீழே எக்ஸாஸ்ட் கசிந்திருக்கும். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தையும் விளிம்பையும் சீவி வாங்க ஒரு வாரமும் கூடுதல் பணமும் போயின. கடைக்காரரிடம் சொன்னபோது, இப்படிச் சிறு வேலை செய்துகொள்வது இந்தத் துறையில் வழக்கம்தான் என்றார். வழக்கமாக இருக்கலாம், ஆனால் "நேரடியாகப் பொருந்தும்" என்று பெட்டியின் மேல் அச்சடித்துவிட்டு அதை வழக்கம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

லிங்கேஜின் மூட்டுகளில் புதிதாக இருக்கும்போதே ஆட்டம் இருந்தது. மூன்று கார்புரேட்டர்களும் ஒரே நொடியில் ஒரே அளவு திறக்காவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை என்பதால், அந்த மூட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்கிப் போட்டேன். பெட்ரோல் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் பெட்டியில் இல்லை. இந்தக் கார்புரேட்டரின் பெட்ரோலை அடைத்துத் திறக்கும் ஊசி வால்வு 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தத்தில்தான் நிம்மதியாக வேலை செய்யும். எஞ்சினோடு வந்த பம்ப் அதைவிடக் கூடுதலாகத் தள்ளினால் மிதவை தோற்றுத் தொண்டைகளில் பெட்ரோல் வழியும், கீழேயோ சுடச்சுட எக்ஸாஸ்ட். தீ விபத்துக்கு வேறு அழைப்பு தேவையில்லை. வெப்பத் தடுப்புத் தகடும் நானே அடித்துப் போட்டதுதான். பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டரின் வெற்றிடக் குழாய்க்கு மேனிஃபோல்டில் துளை விடப்படவில்லை. அதையும் போட வேண்டியிருந்தது. நம் ஊரில் ஸ்டீரிங் வலப்பக்கமும் கார்புரேட்டர்கள் இடப்பக்கமும் இருப்பதால் பூஸ்டரோடு இடிக்கும் தொல்லை மட்டும் இல்லை.

இனி ஜெட்டுகள், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுகள். பெட்டியிலிருந்து எடுத்தபடி கார்புரேட்டர்களில் 30 மி.மீ. வென்சூரி (தொண்டையின் குறுகிய பகுதி), 115 மெயின் ஜெட் (பெட்ரோலுக்கு), 200 ஏர் கரெக்டர் (அதோடு சேரும் காற்றுக்கு) இருந்தன. எந்த எஞ்சினுக்கும் அளந்து போட்ட அளவுகள் அல்ல இவை. கடையில் வாங்கும் சட்டை போல, யாராவது ஒருவருக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையில் போட்டவை. டியூனிங் செய்பவர்கள் தொடக்கத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வென்சூரி அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட், அதோடு ஐம்பதைக் கூட்டினால் ஏர் கரெக்டர். 32 மி.மீ. வென்சூரிக்கு மாறி, அந்தக் கணக்கின்படி 130, 180 போட்டேன். முழு மிதியில் எஞ்சின் அருமையாக இழுத்தது. ஆனால் ஊருக்குள், 2,000 முதல் 2,800 சுற்றுக்குள், மெல்ல மிதிக்கும்போதெல்லாம் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸிங் அடித்தது.

இரண்டு வாரம் மெயின் ஜெட்டையே மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணடித்தேன். ஐடில் ஜெட் என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிடுகிறது. எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும் வேலை செய்வது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி இருக்கும் சிறு துளைகளுக்கும் அதன் வழியாகத்தான் பெட்ரோல் வருகிறது. மெயின் ஜெட் பொறுப்பேற்கும்வரை, அதாவது ஏறத்தாழ 3,000 சுற்றுவரை, இலேசான மிதியில் வண்டியை ஓட்டுவது அந்தச் சிறு ஜெட்தான். உம்கேனி சாலையின் போக்குவரத்தில் நான் மெயின் ஜெட்டைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். 45 அளவுள்ள ஐடில் ஜெட்டுகளை 50 ஆக்கியதும் அந்தத் திக்கல் போய்விட்டது. ஆறு சிறு பித்தளைத் துண்டுகள். கிட் முழுவதிலும் நான் செலவழித்த பணத்தில் மிகக் குறைவானது அதற்குத்தான்.

மூன்றையும் ஒத்திசைக்க, காற்றோட்டத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தொண்டையின் வாயில் அழுத்தினால் எவ்வளவு காற்று போகிறது என்று முள் காட்டும். நான் ஒரு முழுச் சனிக்கிழமை அதோடு போராடியும் நடுக் கார்புரேட்டர் மற்ற இரண்டோடும் ஒத்துவரவில்லை. பழைய கார்களை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். எங்கள் ஊர்க் கராஜ்களில் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். "தம்பி" மட்டும் தமிழில் வரும். அவர் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓரடி நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு தொண்டையின் வாயிலும் வைத்து, ஆறின் சீறலையும் கேட்டார். நான்காவதில் நின்று, மறுபடி மூன்றாவதைக் கேட்டு, மறுபடி நான்காவதுக்கு வந்தார். பிறகு என்னிடம், "தம்பி, நீங்கள் திருகுவது திருகை அல்ல, தண்டின் முறுக்கலை" என்ற பொருளில் சொன்னார். நடுக் கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டு, நான் லிங்கேஜை முறுக்கியபோது மயிரிழை வளைந்து முறுகியிருந்தது. ஒரே கார்புரேட்டரின் இரண்டு தொண்டைகளும் ஒரே அளவு மூடவில்லை. அது என் கைத்தவறு, பொருளின் குறையன்று. தண்டைச் சரிசெய்த பிறகு அவருடைய காதும் என் கருவியும் ஒரே தீர்ப்பைச் சொல்லின.

டர்பனுக்குள் இவ்வளவும் சரியான பிறகு, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு இந்தக் காரிலேயே போனோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஏறத் தொடங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. வான் ரீனன் கணவாயைக் கடக்கும்போது எஞ்சின் சோம்பி, பின்னால் வந்த மைத்துனர் கறுப்புப் புகை வருகிறதென்று போன் செய்தார். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றின் எடை எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு ஜெட் வழியே வரும் பெட்ரோல் குறைவதில்லை என்பதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து அது தானாகவே கெட்டியாகிவிடுகிறது. கணவாய் தாண்டியதும் வரும் ஹாரிஸ்மித்தின் பெட்ரோல் நிலையத்தில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், கரி அப்பியிருந்தது.

இந்தக் கார்புரேட்டரை வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் அதுதான். மேலே இருக்கும் சிறகுத் திருகைக் கையால் தளர்த்தி வட்ட மூடியை எடுத்தால் ஜெட்டுகள் எல்லாம் கண்முன் நிற்கின்றன. வேறெதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆறு 130 ஜெட்டுகளையும் எடுத்துவிட்டு 125 போட, புடவை கசங்காமல் காருக்குள்ளேயே அமர்ந்திருந்த என் மனைவியின் பார்வையையும் சேர்த்து, இருபது நிமிடம் ஆனது. புகை நின்றது. உயரத்தில் இழந்த சக்தி திரும்பவில்லை; அடர்த்தி குறைந்த காற்றை எந்த ஜெட்டாலும் கூட்டித் தர முடியாது. பழைய எஸ்.யு. இரண்டும் இருந்திருந்தால் அடியில் இருக்கும் இரண்டு நட்டுகளைக் கையால் சற்றுத் திருப்பியே அங்கிருந்து கிளம்பியிருப்பேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டர்பன் அருகே பைன்டவுனிலிருந்து க்ளூஃப் நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் முன்பு மூன்றாம் கியருக்கு இறங்குவேன். இப்போது நான்கிலேயே ஏறுகிறது, 4,000 சுற்றுக்கு மேல் எஞ்சின் எழுப்பும் ஒலிக்காகவே சில நாள் வேண்டுமென்றே மூன்றுக்கு இறங்குகிறேன். நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டர் குடித்தது இப்போது பதினான்கரை குடிக்கிறது. கார்புரேட்டர்களுக்காக மட்டும் என்றால் மறுபடியும் வாங்குவேன். அந்த மேனிஃபோல்டையும் லிங்கேஜையும் வாங்க மாட்டேன், அவற்றைத் தனியே, அளந்து பார்த்து, வேறிடத்தில் வாங்குவேன். கடலோரத்துக்கும் உள்நாட்டு மேட்டுக்கும் வாராவாரம் போய்வரும் ஒருவர் கேட்டால், பழைய இரண்டின் தண்டுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்பேன். என் ஹிட்டாச்சி இரண்டும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆறு 125 ஜெட்டுகள் பழைய ஏலக்காய் டப்பா ஒன்றில் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கின்றன.