அம்மாவை யார் பார்ப்பது: வீட்டோடு ஆளா, இல்லமா, கனடாவா?

யாழ்ப்பாணத்தில் எழுபதைத் தாண்டிய பெற்றோரைப் பற்றிய ஆலோசனை இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. ஒரு பிள்ளை ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில், இன்னொருவர் கொழும்பில். வீடும் வளவும் மட்டும் கொக்குவிலிலோ கரவெட்டியிலோ. பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று வழிகளில் வந்து நிற்கும்: வீட்டோடு ஆள் வைப்பது, முதியோர் இல்லத்தில் சேர்ப்பது, கனடாவுக்குக் கூப்பிடுவது. செலவும் ஊர்வாயும்தான் அங்கே அதிகம் அடிபடும். நான் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். உடம்பில் ஒரு மாற்றம் வந்தால் அது யார் கண்ணில், எவ்வளவு விரைவாகப் படும்? அந்த ஏற்பாட்டில் அவர் ஒரு நாளில் எவ்வளவு நடப்பார்?

முதல் கேள்விக்குக் காரணம் உண்டு. முதுமையில் நோய் முறைப்படி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் வெறும் தடுமாற்றப் பேச்சாக வரலாம். மரக்கறி மட்டும் சாப்பிட்டு, சீனி வருத்தத்துக்கு நெடுங்காலமாக மெட்போமின் குளிசை எடுப்பவருக்கு பி12 விற்றமின் குறைந்து, பாதம் விறைத்து, நடை தள்ளாடி, மறதியும் கூடலாம். சீனியைக் குறைக்கும் குளிசைகளில் சிலவற்றை வழக்கம்போல விழுங்கிவிட்டு, கந்தசஷ்டி என்று ஆறு நாளும் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இவற்றில் எதைப் பார்த்தாலும் 'வயது போனால் இப்படித்தான்' என்று நாம் கடந்துவிடுகிறோம். போன மாதம் எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த மாதத்து வித்தியாசம் தெரியும்.

வீட்டோடு ஆள் வைப்பதன் பெரும் பலம் நடை. பூப்பறிக்க, கோழிக்குத் தீன் போட, மீன்காரர் வந்தால் படலை வரைக்கும் போக என்று வளவு ஒருவரை நாள் முழுக்க நடக்க வைக்கும். உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான வேக நடமாட்டம், அதோடு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. யாழ்ப்பாணத்து வளவில் இதில் ஒரு பங்கு தானாகவே நடந்துவிடும். அதைக் கெடுப்பவர் பெரும்பாலும் நல்ல வேலையாள்தான். தேநீர் கைக்கு வரும், தண்ணீர் வாளியில் வரும், செருப்புக்கூடக் காலடிக்கு வரும். சில மாதங்களில் தொடைச் சதை வற்றி, கதிரையிலிருந்து எழும்பவே கை கொடுக்க வேண்டியதாகிவிடும். சம்பளம் பேசும்போதே 'செய்து கொடுக்க வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்' என்று சொல்லிவிடுவது நல்லது.

வீட்டின் பலவீனம் கிணற்றடியும் கழிவறையும். பாசி பிடித்த சீமெந்துத் தரை, பின்வளவில் கழிவறை, இரவில் வெளிச்சமில்லாத இரண்டு படி. இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை. ஆள் தேடுவதற்கு முன்னரே கொமோட், சுவரில் கைபிடி, இரவு விளக்கு மூன்றையும் செய்துவிட வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை விட இது பயன் தரும்.

கமராவை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. இங்கே முற்பகல் 11.30 என்றால் ரொறன்ரோவில் கோடையில் அதிகாலை 2 மணி, குளிர்காலத்தில் 1 மணி. அம்மா விழுவதைக் கமரா பதிவு செய்யும், பார்க்க ஆள் விழித்திருக்க மாட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு பெறாமகளோ அயலவரோ சாவியும் கிளினிக் கொப்பியும் வைத்திருந்து, தீபாவளிக்கு வேலையாள் ஊருக்குப் போகும் நாட்களையும் பொறுப்பேற்றால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஆனால் அழைப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

முதியோர் இல்லம் என்றாலே நம்மவருக்கு முகம் சுருங்கும். கைதடியில் அரச இல்லம் இருக்கிறது, சமய நிறுவனங்கள் நடத்துபவையும் கட்டணம் பெறுபவையும் உள்ளன. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை, இரவில் விழித்திருக்கும் ஒருவர்: இந்த மூன்றையும் தனி ஆளால் தர முடியாது. மறதி நோய் முற்றி, இரவில் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டவருக்குக் கட்டு உயரமில்லாத கிணறுள்ள வளவு ஆபத்தான இடம். அங்கே இல்லத்தின் பக்கம்தான் என் வாக்கு. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். நடக்கக் கூடியவர்களும் கட்டிலிலேயே கிடந்தால், சுவருக்கு எவ்வளவு புதுப் பூச்சு இருந்தாலும் அது சரியான இடமில்லை.

பெற்றோர் பிள்ளைகளிடம் போய் நீண்ட காலம் தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு வரவுக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 1,00,000 கனேடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்புறுதிகள் பெரும்பாலும் வரம்பு போடும் என்பதை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும், ஏனென்றால் நம்மவரில் பலருக்குப் பிறசரும் சீனியும் ஏற்கெனவே உண்டு. மாலையில் பிள்ளைகளின் கண் இருக்கும், அது பெரிய ஆறுதல். பகலில் வீடு வெறுமையாகிவிடும். பனிக்காலத்தில் வாசலைத் தாண்டுவதே பயம். அறுபதுகளில் திடமாக இருப்பவர் கோடையில் போய் பனிக்கு முன் திரும்பினால் நன்று. (பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவரில் பலர் பார்த்துக்கொள்ளத்தான் போகிறார்கள், அது வேறு கதை.) எண்பதில், மறதி தொடங்கிய பின்னர், தெரியாத வீட்டுக்குக் கொண்டுபோவது தடுமாற்றத்தைக் கூட்டிவிடும். கொழும்பு மாடிவீட்டில் வைத்தியசாலை கிட்ட, வளவு இல்லை, அவ்வளவே.

ஆக, நடையும் நினைவும் உள்ள வரை வீடு, பொறுப்பான ஒரு உறவு அருகில் இருந்தால் மட்டும். அந்த உறவு இல்லையென்றால், ஊர் என்ன சொன்னாலும், இல்லம்.

முடிவெடுக்கும் நேரமும் முக்கியம். நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வந்திறங்கும்போது வீடு நிறைந்திருக்கும். அம்மா புதுச் சேலையோடு சமைத்துப் போடுவார், எல்லாம் நன்றாகவே தெரியும். ஒருவர் மட்டும் இரண்டு வாரம் கூடுதலாக நின்று, குளிசைப் பெட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு குழுவில் எழுதட்டும்.